பச்சை காணப்பட்டது

எங்கள் பணிமனையில் அவர் இருக்கும்போது "நான் உண்மையாத்தான் சொல்லுறன்" என்று யாரும் வாய் தவறியும் சொல்வதில்லை. சொன்னால் அவர் பேனையை மேசையில் வைத்துவிடுவார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி சேட்டு நுனியில் துடைப்பார். பிறகு சொன்னவரை மேலும் கீழும் பார்த்து, "நீங்கள் சொல்லுறியள், சரி. தண்ணி என்ன சொல்லுது?" என்று கேட்பார். காய்ச்சல் என்று லீவுக் கடிதத்தோடு வந்த ஜீப் சாரதியிடமும் இதையே கேட்டார். இனி லீவு எடுப்பதென்றால் ஒரு போத்தல் தண்ணீரும் கொண்டுவர வேண்டுமோ என்று அந்த மனுசன் யோசித்தது முகத்தில் தெரிந்தது.

அவர் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். ஊரூராகப் போய்க் கிணறு, மலசலகூடம், சாப்பாட்டுக்கடை எல்லாம் பார்ப்பார். நான் அதே பணிமனையில் எழுதுவினைஞர். அவர் கையால் எழுதித் தரும் அறிக்கைகளைக் கணினியில் அடித்துக் கொடுப்பேன். போர் முடிந்து முல்லைத்தீவுப் பக்கம் சனம் திரும்பி வந்து, தறப்பாள் கூடாரம் கழன்று, கல்வீடு எழும்பிக்கொண்டிருந்த வருசங்கள் அவை. வீடு எழும்பின வேகத்திலேயே மலசலகூடக் குழிகளும் வெட்டப்பட்டன. எந்தக் குழி எந்தக் கிணற்றோடு இரகசியமாகச் சம்பந்தம் வைத்திருக்கிறது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு அவருடையது. அதை ஒரு விரதம் போலவே பிடித்து வந்தார்.

விரதத்துக்கு வேண்டிய பொருள் ஒரு பழைய பால்மாப் பேணிக்குள் இருந்தது. புளோரசீன் என்று அவர் பேணியில் எழுதி ஒட்டியிருந்தார். நாங்கள் எல்லோரும் அதைப் பச்சை என்போம். ஆனால் பேணியைத் திறந்து பார்த்தால் பச்சை எங்கேயும் இருக்காது. செங்கல்லை இடித்து வைத்தது போல ஒரு தூள். அதில் ஒரு சிட்டிகை தண்ணீரில் விழவேண்டும், அப்போதுதான் அதன் குணம் தெரியும். விழுந்த இடத்திலிருந்து மஞ்சளாக ஒரு நூல் இறங்கும். வெயில் பட்டதும் தண்ணீர் முழுக்கப் பச்சையாகப் பற்றி எரியும். வீதி வேலை செய்கிறவர்கள் மேலே போட்டிருக்கும் அங்கியின் பச்சை. எவ்வளவு தண்ணீரில் கரைந்தாலும் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அதனாலேயே அவருக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம் என்று நினைக்கிறேன்.

மலசலகூடத்துக்குள் ஒரு கரண்டி கரைத்து ஊற்றுவார். கிணற்றில் பச்சை வந்தால் குழி ஒழுகுகிறது. வராவிட்டால் இல்லை. ஆனால் "ஒழுகுகிறது" என்ற சொல்லை நான் அடிக்கவே கூடாது. "ஒழுகிறதை நீங்கள் கண்டனீங்களோ, பிள்ளை? நான் கண்டனானோ? பச்சையைத்தான் கண்டனான். கண்டதை மட்டும் போடுங்கோ" என்பார். அதனால் எல்லா அறிக்கையிலும் இரண்டே முடிவுதான். பச்சை காணப்பட்டது. பச்சை காணப்படவில்லை. நாளும் நேரமும். ஒரு தடவை நேரத்துக்குப் பின்னால் புள்ளி விடுபட்டுவிட்டது என்று ஒரே பக்கத்தை மூன்று முறை திருப்பி அனுப்பினார். மூன்றாம் முறை எனக்கும் காய்ச்சல் வரும்போல இருந்தது.

துணுக்காயில் ஒரு குளக்கட்டு ஒழுகுகிறதா, இல்லை யாரோ களவாகத் தண்ணீர் திறக்கிறார்களா என்று வயல் செய்யும் கமக்காரர்களுக்குள் அடிபிடி வந்தபோது இவரைத்தான் கூப்பிட்டார்கள். கட்டின் உள்பக்கத்தில் கரைத்து ஊற்றினார். இரண்டாம் நாள் கட்டுக்குக் கீழே, புல்லுக்குள்ளிருந்து பச்சையாக ஊறியது. சண்டை அத்தோடு தீர்ந்தது. மூன்றாம் நாள் நாலு கமக்காரர் பணிமனை வாசலில் வந்து நின்றார்கள். "ஐயா, அந்தப் பச்சை உரத்திலை எங்களுக்கும் ஒரு கரண்டி தருவியளோ? பயிர் மஞ்சளாக் கிடக்கு." அவர்களுக்கு அது உரமில்லை என்று விளங்கப்படுத்த ஒரு முழுக் காலையும் போனது. ஒருவர் மட்டும் கடைசிவரை நம்பவில்லை. இவரும் அந்த ஒருவரைத்தான் பிறகு மெச்சிக்கொண்டார். "பாத்தியளோ, நான் சொன்னதை அவர் நம்பேல்லை. அது சரியான குணம்."

மிகவும் ஐதாகக் கரைந்துபோன பச்சையைக் கண்ணால் பிடிக்க முடியாது. அதற்கு அவரிடம் ஒரு கறுப்புக் குடையும் நீல வெளிச்சம் அடிக்கும் ஒரு சின்ன ரோச்சும் இருந்தன. உச்சி வெயிலில் கிணற்றுக்கட்டில் குந்தி, குடையை நிலத்தோடு சரித்து, அதற்குள் தலையை விட்டு, போத்தலுக்கு ரோச் அடித்துப் பார்ப்பார். வெளியே இருந்து பார்த்தால் குடைக்கு இரண்டு கால் முளைத்து உட்கார்ந்திருப்பது போலிருக்கும். மழையில்லாத நாளில் இவர் குடையோடு வந்தாலே சனம் தங்கள் குழியைப் பற்றி நினைக்கத் தொடங்கிவிடும்.

அவர் கண்ணையே அந்தப் பச்சை பரிசோதித்த கதையும் உண்டு. அறுவடைக் காலத்தில் ஒரு சூடடிப்பைக் கடந்து போகையில் உமி பறந்து கண்ணுக்குள் விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கண் டொக்டர் செம்மஞ்சள் கடதாசித் துண்டொன்றைக் கண்ணில் தொட்டு, நீல வெளிச்சம் அடித்திருக்கிறார். கண்ணில் கீறல் இருந்தால் அந்த இடத்தில் சாயம் தங்கிப் பச்சையாகத் தெரியுமாம். இவர் வலியை மறந்துவிட்டார். "டொக்டர், ஒரு கண்ணாடி தாங்கோ, நானும் பாக்கவேணும்" என்று ஒரே கரைச்சல். அன்று முழுதும் மஞ்சள் கண்ணீரைத் துடைக்காமலே பணிமனையில் சுற்றித் திரிந்தார். "கண்ணுக்குள்ளை கீறலிருக்கு எண்டு நான் வாயாலை சொல்லியிருந்தா நம்பியிருப்பியளோ?" என்று எல்லோரையும் கேட்டார். நம்பியிருப்போம் என்று நாங்கள் சொன்னோம். அவருக்கு அது பிடிக்கவில்லை.

எனக்கு வாய் நீளம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஒருநாள் அவர் என் மேசையில் வைத்து ஒரு வித்தை காட்டினார். பச்சைத் தண்ணீருக்குள் தேசிக்காய் பிழிந்தார். பச்சை செத்து, வெறும் மங்கல் மஞ்சளாகிவிட்டது. பிறகு அப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டார். நுரைத்துக்கொண்டு பச்சை திரும்பி வந்தது. "புளிப்புக்கு ஒளிக்கும், காரத்துக்கு வெளிக்கிடும்" என்றார். நான் அதைப் பின்னேரம் இடியப்பம் வாங்கப் போன கடையில் வைத்து அப்படியே சொல்லிவிட்டேன். அந்தக் கடையின் கழிவுதான் பின்பக்க வடிகால் கானுக்குள் போகிறதா என்று மறுநாள் அவர் பார்க்கப் போகிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

முதலாளி கானுக்குள் ஒரு வாளி பழப்புளி கரைத்து ஊற்றிவிட்டார். இவர் போத்தலில் எடுத்து வெயிலுக்குப் பிடித்தார். பச்சை இல்லை. மணந்து பார்த்தார். "என்ன முதலாளி, கானுக்கும் ரசம் வைக்கிறியளோ?" என்று கேட்டுக்கொண்டே பொக்கற்றிலிருந்து அப்பச்சோடாவை எடுத்தாராம். பணிமனைக்குத் திரும்பி வந்து என் மேசைக்கு முன்னால் நின்றார். "பிள்ளை, அந்த மனுசனுக்கு விஞ்ஞானம் ஆர் படிப்பிச்சது?" நான் கணினித் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இனி என் கிணற்றுக்கு வருகிறேன்.

எங்கள் வீடு தண்ணீரூற்றில். பக்கத்துக் காணி ராத்தாவுடையது. வயதில் மூத்த முஸ்லிம் பெண்ணை நாங்கள் ராத்தா என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய குடும்பம் பல வருசம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்தது. இரண்டு வீட்டுக்கும் எல்லையில் ஒரே பங்குக் கிணறு. நோன்பு மாதத்தில் அவர் வீட்டுக் கஞ்சி வேலிக்கு மேலால் வரும். பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பானை அங்கே போகும். ஒரு வருசம் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் அடுத்தடுத்து வயிற்றோட்டம் வந்தது. கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். கூடாத கிருமி இருக்கிறது, குடிக்கவேண்டாம் என்று முடிவு வந்தது.

ராத்தா வீட்டு மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து நாற்பது அடிதான். எங்களுடையது விதிப்படி ஐம்பது அடி. நாடா பிடித்து அளந்து வெட்டியது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? "அவையின்ரை குழியாலைதான்" என்று நான் சொன்னேன். கூட்டுறவுச் சங்கக்கடையில் சொன்னேன். பஸ்ஸில் சொன்னேன். ராத்தா காதில் விழுந்த நாளிலிருந்து அவர் கிணற்றடிக்கு வருவதை விட்டுவிட்டார். தம்பி வீட்டிலிருந்து சைக்கிளில் இரண்டு பிளாஸ்ரிக் கான் கட்டித் தண்ணீர் கொண்டுவந்தார். குற்றமுள்ளபடியால்தானே ஒதுங்குகிறார் என்று அதையும் சாட்சியாக எடுத்துக்கொண்டேன். அவருடைய புருசன் "திரும்பிப் புத்தளத்துக்கே போவம்" என்று சொல்லத் தொடங்கிவிட்டார் என்று கேள்விப்பட்டபோதுதான் எனக்குக் கொஞ்சம் நெஞ்சு திடுக்கிட்டது. அதற்குள் நான் முறைப்பாட்டையும் எழுதிக் கொடுத்திருந்தேன்.

அவர் குடையோடு வந்தார். நான் வேலிக்கு மேலால் ராத்தாவின் மலசலகூடத்தைக் காட்டினேன். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"கிணத்துக்கு எத்தினை வீடு?"

"ரெண்டு, சேர்."

"குழி?"

"ரெண்டு."

"அப்ப ரெண்டும் சொல்லட்டும். ஒரே நிறம்தானே, ஒண்டு முடிஞ்சுதான் மற்றது. முறைப்பாடு செய்த ஆளின்ரை முதல்."

எனக்கு ஏறியது பாருங்கள் கோபம். ஒரே பணிமனை, ஒரே தேநீர்ப் பானை, ஆறு வருசமாக அவருடைய புள்ளிகளைக் காப்பாற்றியவள் நான். "சேர், எங்கட குழி சரியா ஐம்பது அடி. நான் உண்மையாத்தான்..." என்று தொடங்கி, அவர் கை மூக்குக்கண்ணாடிக்குப் போவதைக் கண்டதும் நிறுத்திவிட்டேன்.

"குழி வெட்டின இடத்திலை முன்னம் என்ன இருந்தது, பிள்ளை?"

"ஒண்டுமில்லை, சேர். வெறும் நிலம்."

ஒரு கரண்டி கரைத்து எங்கள் மலசலகூடத்துக்குள் ஊற்றினார். மூன்று நாளும் நண்பகலில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். ஒருநாள் கண்டால் போதாதாம், அவருக்கு மூன்று நாள் வேண்டும்.

முதலாம் நாளே அந்தக் குடைக்குள்ளிருந்து குரல் வந்தது. "பிள்ளை, உள்ளுக்கு வாங்கோ." நானும் குந்தித் தலையை விட்டேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர் போத்தலுக்குள் பச்சையாக நின்றது. கண்ணால் பார்த்தால் தெரியாத அளவுதான். நீல வெளிச்சத்தில் தப்ப வழியில்லை. உச்சி வெயிலில் ஒரு குடைக்குள் இரண்டு பேரும் குந்தியிருந்தோம். வெளியே யாரும் எதையும் காணவில்லை.

"என்ன இருந்தது?" என்று அவர் திரும்பவும் கேட்டார்.

"பங்கர், சேர்."

திரும்பி வந்த அவசரத்தில், அரைக்குழி வெட்டினபடி கிடக்கிறது, மிச்சத்தை வெட்டினால் காணும் என்று நானும் புருசனுமாக, சண்டைக் காலத்தில் ஷெல்லுக்குப் பதுங்க வெட்டிய பழைய பங்கரின் வாயிலேயே மலசலகூடக் குழியைத் தோண்டினோம். எங்கள் ஊரில் பலர் செய்ததுதான். ஆனால் பங்கர் என்பது ‘ட’ போல ஒரு பக்கம் திரும்பும். எங்களுடையது கிணற்றுப் பக்கம் திரும்பியது. தண்ணீர் கிட்ட இருக்கட்டும் என்று அப்படி வெட்டியது. மேலே போட்ட பனங்குத்திகள் மண்ணுக்குள் இருந்து உக்கிக் கோறையாகிவிட்டன. குழியிலிருந்து கிணற்றுக்கு நாங்களே வாய்க்கால் வெட்டி வைத்திருந்தோம். அந்தத் திரும்பின பக்கத்தில்தான் என் மகளை மடியில் வைத்துக்கொண்டு நான் பன்னிரண்டு நாள் இருந்தேன். அது எந்தப் பக்கம் திரும்பியது என்று எனக்குத் தெரியாமல் போகுமா? நினைக்காமல் இருந்து இருந்து, உண்மையாகவே மறந்துபோயிருந்தேன். அதையும் அவரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. நான் சொன்ன ஒன்றை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.

அன்று பின்னேரம் குசினியில் பழப்புளிப் பானை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் மிச்சம். கிணறு பெரிது, புளி காணாது என்ற கணக்கில்தான் கை வைக்காமல் விட்டேன். நல்லவள் என்ற எண்ணத்தில் யாரும் என்னைப் புகழ வேண்டாம்.

மூன்று நாளும் பச்சை. பிறகு கிணற்றை இறைத்து, பச்சை போகும்வரை பொறுத்து, ராத்தாவின் குழிக்குள் ஊற்றினார். இரண்டு கிழமை பார்த்தார். ஒன்றுமே வரவில்லை. அறிக்கை எழுதும்வரை அவர் யாரிடமும் எதுவும் சொல்வதில்லை. அது அவர் வழக்கம். ஊர் முடிவுக்காக என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. ராத்தா வீட்டு முற்றத்தில் சாமான் கட்டும் பெட்டிகள் வந்து இறங்கின.

கையெழுத்துப் பிரதியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். இரண்டாம் குழி: பச்சை காணப்படவில்லை. நாள், நேரம், புள்ளி, எல்லாம் சரி. முதலாம் குழி என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் வெறும் இடம்.

"சேர், இது விடுபட்டுப் போச்சு."

"நீங்களும் கண்டனீங்கள்தானே. நீங்களே போடுங்கோ."

போய் உட்கார்ந்துவிட்டார். நான் "காணப்படவில்லை" என்று அடித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ராத்தா எழுத்தெழுத்தாக அதை வாசிப்பதை நினைத்தேன். அழித்தேன். "பச்சை காணப்பட்டது. மூன்று நாளும். நண்பகல்." ஒவ்வொன்றுக்கும் புள்ளி வைத்தேன். கொண்டுபோய்க் கொடுத்தேன். புள்ளிக்காக மூன்று முறை திருப்பி அனுப்பிய மனுசன், வாசிக்காமலே கடைசிப் பக்கத்தைப் புரட்டிக் கையொப்பம் வைத்தார்.

"வாசிக்கேல்லையோ, சேர்?"

"நீங்கள் அடிச்சதுதானே" என்றார். பேனையை மூடிவிட்டு அடுத்த கோப்பை எடுத்தார்.

பிரதியை நானே ராத்தாவிடம் கொண்டுபோனேன். அவர் பெட்டிக்குள் கோப்பைகளைப் பழைய துணியில் சுற்றி வைத்துக்கொண்டிருந்தார். வாசித்தார். நெடுநேரம் வாசித்தார்.

"தங்கச்சி, இத நீங்களா அடிச்சது?"

"ஓம், ராத்தா."

"எழுத்து மாறி அடிபட்டிருக்கும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் ஊரெல்லாம் பழி சொன்ன மனுசி எனக்குத் தப்பிப் போக வழி விடுகிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "மாறேல்லை, ராத்தா. என்ரை குழிதான். என்ரை வாயும்தான்."

அவர் சுற்றி வைத்த கோப்பை ஒன்றைப் பெட்டிக்குள்ளிருந்து திரும்ப எடுத்தார். "உள்ளுக்கு வாங்க, பிளேன்ரீ குடிப்பம். பயப்படாதீங்க, தம்பி வீட்டுத் தண்ணிதான்."

பெட்டிகள் திரும்பிப் போயின. நாங்கள் பழைய குழியை மூடி, காணியின் மறுபக்கத்தில் புதிதாக வெட்டி முடிக்க இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டார் எல்லோரும் போனது, நான் சங்கக்கடையிலும் பஸ்ஸிலும் வைத்து விலாசம் சொன்ன ராத்தா வீட்டு அதே மலசலகூடத்துக்குத்தான்.

அவர் வாசிக்காமல் கையொப்பம் வைத்ததை நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். உலகத்தில் ஒருவரையும் நம்பாத மனுசன் என்னை நம்பினார் என்று. அடுத்த வருசம் அவருக்குக் கனகராயன்குளம் பக்கம் இடமாற்றம் வந்தது. பேணியையும் குடையையும் எடுத்துக்கொண்டு போனார். அவருடைய அலுமாரியை நான்தான் துப்புரவு செய்தேன். அடித்தட்டில், கறுப்புப் பையால் இறுக்கிச் சுற்றி, ஒரு மண்ணிறப் போத்தல். மூடிக்கு மேல் பிளாஸ்ரர் ஒட்டியிருந்தது. வெயில் பட்டால் அந்தப் பச்சை நாளடைவில் செத்துவிடும். இருட்டில் வைத்தால் கிடக்கும் என்று முன்னர் அவரே சொல்லியிருக்கிறார். போத்தலில் ஒட்டிய துண்டில் எங்கள் கிணற்றின் பெயரும் மூன்றாம் நாளின் திகதியும் அவர் கையெழுத்தில் இருந்தன. கீழே "தேவைப்பட்டால்" என்று எழுதியிருந்தது.

எனக்குத் தலையில் தண்ணீர் ஊற்றினது போலாகிவிட்டது. கள்ள மனுசன்! சாட்சியை ஒளித்து வைத்துவிட்டா என்னை நம்பினது போல நடித்தார்? போத்தலை எறியத்தான் கையை ஓங்கினேன். அப்போதுதான் கண்டேன், "தேவைப்பட்டால்" என்பதன் குறுக்கே ஒரு கோடு கீறியிருந்தது. அதற்குக் கீழே, நான் அந்த அறிக்கையை அடித்துக் கொடுத்த நாளின் திகதி போட்டு, "தேவைப்படவில்லை" என்று எழுதி, சின்னதாக ஒப்பமும் வைத்து, புள்ளியும் வைத்திருந்தார். பிளாஸ்ரர் பிரிபடவே இல்லை.

போத்தலை வீட்டுக்குக் கொண்டுபோனேன். ராத்தாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் தன் வீட்டிலிருந்து ஒரு ஜாம் போத்தலைக் கழுவிக் கொண்டுவந்து, தண்ணீரை அதற்குள் மாற்றினார். குடையும் ரோச்சும் இல்லாததால் எங்களுக்கு ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. கறுப்புச் சீலையொன்றைப் பின்னால் பிடித்து, வெயிலில் சரித்துச் சரித்துப் பார்த்ததில் விளிம்பில் இலேசாகப் பச்சை ஓடியது. "ஆ, இந்தா இருக்கு" என்று ராத்தா சின்னப்பிள்ளை போலச் சத்தம் போட்டார். அப்படியே கிணற்றுக்கட்டில் வைத்துவிட்டோம்.

நாலாம் நாள் இருவரும் போய்ப் பார்த்தோம். எப்படிச் சரித்தும் பச்சை இல்லை. வெறும் தண்ணீர்.

ராத்தா அதைக் கறிவேப்பிலை மரத்தடியில் ஊற்றினார். "சாட்சியும் போயிட்டுது, தங்கச்சி. இனி நீங்க சங்கக்கடையில எப்பிடியும் கதைக்கலாம்" என்று சிரித்தார்.